கேளுங்கள், மெக்கானிக் சொல்கிறேன்: சென்சாரை மாற்றியும் லைட் அணையவில்லை

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஒன்பது வயது. செக் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்று வந்ததும், முன் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். நாலாம் நாளே லைட் திரும்பவும் எரிகிறது. பத்து நாளில் புகைச் சோதனை. மாட்டியது டூப்ளிகேட்டாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அதன்மேல் வேண்டாம். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து அந்தச் சேதியைச் சொல்வதுதான் சென்சாரின் வேலை. சென்சாரிலேயே கோளாறு என்றால் பெரும்பாலும் பி0130 முதல் பி0141 வரை ஏதாவது ஒரு எண் வரும். பி0133 வந்தால் முன் சென்சார் மந்தம், பி0135 வந்தால் அதன் ஹீட்டர் பக்கம் கோளாறு. உங்களுக்கு நடந்தது அனுமார் கதை. தூது வந்தவன் வாலில் தீ வைத்தார்கள், அவன் கொண்டுவந்த சேதியை யாரும் காதில் வாங்கவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் ஒரு காருக்கு இரண்டு சென்சார் மாற்றினேன். மூன்றாவது வாங்கப் போகும் நேரத்தில், காலையில் இன்ஜின் குளிர்ந்திருந்தபோது ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். சூடானதும் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் மை தீட்டியது போல மெல்லிய கரிக்கோடு. புகை ஒவ்வொரு தடவை உந்திப் போனதும் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. ஆக்ஸிஜன் இருந்தது, சென்சார் இருப்பதைச் சொன்னது. தப்பு என் பேரில்.

உங்கள் காரில் ஸ்கேனரை மாட்டி ஃபியூயல் ட்ரிம் பாருங்கள். கலவையைச் சரிக்கட்ட காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, பிளஸ் இருபதைத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வேக்குவம் ஹோஸ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய்) எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து, மேட்டில் போகும்போது ட்ரிம் கூடுகிறதென்றால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். மிஸ்ஃபயரும் இப்படி ஏமாற்றும். எரியாத சிலிண்டரின் காற்று அப்படியே சைலன்சருக்குப் போகிறதல்லவா?

கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப் போடவில்லையே? நாலு வயர் கொண்ட சாதாரண வகையாக இருந்தால் அதையே மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். அது சுமார் 300 டிகிரிக்கு மேல்தான் வாய் திறக்கும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஊசலாட வேண்டும். ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் வோல்டேஜ் கீழே விழ வேண்டும். ஆக்ஸிலரேட்டரைப் படக்கென்று மிதித்தால் மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். 0.45லேயே உட்கார்ந்திருந்தால் வயரையும் ஹீட்டரையும் பாருங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் ஊசலாடாமல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதுதான் சரி. அதைப் பார்த்து யாரும் 'செத்துப்போச்சு' என்றால் நம்பாதீர்கள். வைட்பேண்ட் என்று கலவையின் அளவையே காட்டும் இன்னொரு வகை உண்டு, அதற்கு இந்தக் கணக்கே வேறு, அதில் மல்டிமீட்டரைச் சொருக வேண்டாம்.

கேள்வி: சோதனைக்கு முந்தின நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: லைட் அணையும், அதோடு கம்ப்யூட்டர் கற்றுவைத்த ட்ரிம்மும், புகைக் கட்டுப்பாட்டு பாகங்களை அது சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டர்களும் அழிந்துபோகும். கம்ப்யூட்டரையும் படிக்கும் சோதனை என்றால் 'தயாராகவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுதை முதலில் சரிசெய்து, அப்புறம் ஸ்கேனரில் வந்த அந்தப் பிழை எண்ணை அழித்து, சில நாள் கலந்து ஓட்டுங்கள்: குளிர்ந்த ஸ்டார்ட், கொஞ்சம் ஐடில், நெடுஞ்சாலையில் ஒரே வேகம், பிரேக் தொடாமல் தானாக வேகம் குறையவிடுதல். பெட்ரோல் டேங்க் முழுசாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். மானிட்டர் முடிந்ததா என்று ஸ்கேனரே காட்டும்.

சோதனை அன்று குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டால் கன்வெர்ட்டர் ஆறிப்போகும், நல்ல வண்டியும் மாட்டிக்கொள்ளும். கார்பன் மோனாக்ஸைடு எகிறினால் பெட்ரோல் அதிகம், ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் பிளக், காயில் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்சாரை பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். நுனியின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளைப் படிவம் என்றால் யாரோ பொருந்தாத சிலிக்கோன் கேஸ்கெட் பசையைத் தாராளமாகத் தடவியிருக்கலாம், அந்த சென்சார் பிழைக்காது.