மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி: என்.எஃப்.எல். நடுவர் தீர்ப்புகள் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல். பார்க்கும் நண்பர்கள் நடுவர் தீர்ப்பு, ரீப்ளே (படத்தை மறுபடி ஓட்டித் தீர்ப்பைச் சரிபார்ப்பது) பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விகளில் இருந்த வசவுகளை மட்டும் வெட்டிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, இத்தனை கேமரா வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரிகிற தப்பை ஏன் திருத்த மாட்டேன் என்கிறார்கள்?

பதில்: எந்த மாதிரித் தப்பு என்று முதலில் பாருங்கள் தம்பி. கால் கோட்டை மிதித்ததா, முழங்கால் தரையில் பட்டதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போய்விட்டதா, பந்து கோல் கோட்டைத் தொட்டதா? இதெல்லாம் 'எங்கே, எப்போது' என்கிற சமாச்சாரம். படத்தை நிறுத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். தள்ளியது அளவுக்கு மீறிப் போனதா, சட்டையைப் பிடித்ததால் ஓட்டம் கெட்டதா என்பது 'எவ்வளவு' என்கிற சமாச்சாரம். அதற்கு எத்தனை கேமரா வைத்தாலும் கடைசியில் ஒரு ஆள்தான் முடிவு சொல்ல வேண்டும். ரீப்ளே முறையை உண்டாக்கியது முதல் வகைக்கு. நாம் டிவி முன்னால் குதிப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைக்கு.

கேள்வி: சேலஞ்ச் விதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பதில்: தீர்ப்பை ரீப்ளேயில் பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளர் சிவப்புக் கொடியை மைதானத்தில் எறிந்தால் சேலஞ்ச். ஆட்டத்துக்கு இரண்டு முறை எறியலாம். தோற்றால் ஒரு டைம் அவுட் போய்விடும். அதனால் டைம் அவுட் கைவசம் இல்லாதவருக்குச் சேலஞ்சும் இல்லை. முன்பெல்லாம் இரண்டிலும் ஜெயித்தால்தான் மூன்றாவது கிடைக்கும். 2024 முதல் ஒன்றில் ஜெயித்தாலே போதும். ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்திலும் பயிற்சியாளர் கொடியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போது மாடத்தில் இருக்கும் ரீப்ளே அதிகாரிதான் ஆட்டத்தை நிறுத்துவார். புள்ளி விழுந்த நகர்வுகள் 2011 முதலும், பந்து எதிரணி கைக்குப் போன நகர்வுகள் 2012 முதலும் தாமாகவே பரிசீலனைக்கு வந்துவிடும். 2017 முதல் இறுதி முடிவு நியூயார்க்கில் உள்ள லீகின் மையத்தில் எடுக்கப்படுகிறது. மைதான நடுவர் டேப்லெட்டில் படத்தைப் பார்த்தபடி ஹெட்செட்டில் பேசுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: சார், ரீப்ளே ஆரம்பத்திலிருந்தே இருந்ததா?

பதில்: 1986-ல் கொண்டுவந்தார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று 1991 சீசனோடு தூக்கிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் நடந்த கூத்துகளில் ஒன்று 1998 டிசம்பர் 6. ஜெட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வின்னி டெஸ்டவெர்டி கோல் கோட்டை நோக்கி விழுந்தார். கோட்டைத் தாண்டியது அவருடைய ஹெல்மெட், பந்து தாண்டவில்லை. ஓரத்து நடுவர் கையைத் தூக்கி டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்குக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) என்றுவிட்டார். சியாட்டில் 32-31 என்று தோற்றது. அடுத்த ஆண்டே, 1999-ல், பயிற்சியாளர் சேலஞ்ச் வடிவில் ரீப்ளே திரும்பி வந்தது.

கேள்வி: 1972-ல் 'இம்மாகுலேட் ரிசப்ஷன்' ஆட்டத்தில் நடுவர் ரகசியமாக டிவி பார்த்து முடிவு சொன்னார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த ஆண்டு டிசம்பர் 23, பிட்ஸ்பர்க். அந்த ஊர் அணியின் பிராட்ஷா வீசிய பந்து, சக வீரர் ஃபுக்வாவும் ரெய்டர்ஸ் வீரர் டேட்டமும் மோதிய இடத்தில் பட்டுத் தெறித்தது. தரையைத் தொடும் முன் பிட்ஸ்பர்க்கின் ஃபிராங்கோ ஹாரிஸ் அதை அள்ளிக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். அன்றைய விதிப்படி ஒரே அணியின் இருவர் அடுத்தடுத்துப் பந்தைத் தொட்டால் செல்லாது. ஆக, பந்து டேட்டம் மேல் பட்டதா இல்லையா என்பதுதான் கேள்வியே. நடுவர் ஃப்ரெட் ஸ்வேரிங்கென் மைதான ஓரத்துத் தொலைபேசியில், மேலே உட்கார்ந்திருந்த நடுவர் தலைவர் ஆர்ட் மெக்நாலியிடம் பேசினார். பேசிவிட்டு வந்து டச்டவுன் என்றார். ரீப்ளே பார்த்துச் சொன்னார்கள் என்ற பேச்சு அன்று கிளம்பி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை, மெக்நாலி மறுத்தார். நியூயார்க் ரீப்ளே மையத்துக்கு இன்றைக்கு வைத்திருக்கும் பெயர் யாருடையது தெரியுமா? அதே ஆர்ட் மெக்நாலி. ரெய்டர்ஸ் ரசிகர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்களா அழுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: நான் ரெய்டர்ஸ் ரசிகன்தான். அழுகிறேன். 2002 'டக் ரூல்' ஆட்டத்திலும் எங்களிடமிருந்து பிடுங்கினார்கள். நடுவர் வால்ட் கோல்மனை மன்னிக்கவே முடியாது.

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் கோல்மன் மேல் பழி போடாதீர்கள். 2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோ, கொட்டும் பனி. ரெய்டர்ஸ் 13-10 முன்னிலை, கடைசி 2 நிமிடத்துக்குள். பேட்ரியட்ஸ் அணியின் டாம் பிரேடியை ரெய்டர்ஸின் உட்ஸன் மோதினார், பந்து நழுவியது, ரெய்டர்ஸ் விழுந்து பிடித்தார்கள். ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். படத்தில் பார்த்தால் பிரேடியின் கை முதலில் முன்னே போகிறது, பிறகு பந்தைத் தன் பக்கம் இழுக்கிறார், அப்போதுதான் மோதல். வீசப்போன கை முன்னே அசைந்துவிட்டால், பந்தை உடம்போடு சேர்த்து அடக்கி முடிக்கும்வரை நழுவுவது ஃபம்பிள் (எடுத்த அணிக்கே சொந்தமாகும் நழுவல்) அல்ல, முழுமை பெறாத பாஸ் என்று அன்று விதி எழுதியிருந்தது. கோத்து வாசித்தால் கோல்மன் சொன்னது சரி. அபத்தம் விதியில்தான் இருந்தது. அதை 2013-ல்தான் நீக்கினார்கள். பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 16-13 என்று ஜெயித்து, அந்த ஆண்டு லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் தூக்கியது.

கேள்வி: டல்லஸின் டெஸ் பிரையன்ட் பிடித்தாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

பதில்: பிடித்தார்.

ஒரே வார்த்தை கொடுத்துவிட்டேன், இனி என் இஷ்டம். 2015 ஜனவரி 11, கிரீன் பே. நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 2 யார்டு வேண்டும். பிரையன்ட் எகிறிப் பந்தைப் பிடிக்கிறார், கால்கள் தரையில் பதிகின்றன, கோல் கோட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே விழுகிறார். விழுந்த வேகத்தில் பந்து தரையில் பட்டு ஒரு துள்ளு துள்ளுகிறது. மைதானத்தில் கேட்ச் என்றார்கள். ரீப்ளேயில் இல்லை என்றார்கள். டல்லஸ் 26-21 என்று வெளியேறியது. 'பிடித்துக்கொண்டே விழுபவர் தரையில் மோதி முடியும்வரை பந்தை விடக்கூடாது' என்பது அன்றைய விதி. 2010-ல் கால்வின் ஜான்சனின் டச்டவுனையும், 2017 டிசம்பரில் ஸ்டீலர்ஸ் வீரர் ஜெஸ்ஸி ஜேம்ஸின் டச்டவுனையும் விழுங்கியது இதே சங்கதிதான். 2018-ல் விதியைத் திருத்தினார்கள். பந்து வசப்பட்டு, இரண்டு கால் பதிந்து, அதற்குப் பின் கையை நீட்டுவது மாதிரி ஒரு ஆட்டச் செயல் செய்தால் போதும். புதிய விதியில் பிரையன்ட் பிடித்தது கேட்ச். நடுவரைத் திட்டுவதற்கு முன் விதிப்புத்தகத்தைத் திட்டப் பழகுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கேள்வி: ரீப்ளே முடிந்து சில நேரம் 'கன்ஃபர்ம்ட்', சில நேரம் 'ஸ்டாண்ட்ஸ்' என்கிறார்கள். நம் கிரிக்கெட்டின் 'அம்பயர்ஸ் கால்' மாதிரியா?

பதில்: கிட்டத்தட்ட. கன்ஃபர்ம்ட் என்றால் தீர்ப்பு சரி என்று படமே காட்டுகிறது. ஸ்டாண்ட்ஸ் என்றால் மாற்றும் அளவுக்குத் தெளிவான ஆதாரம் படத்தில் இல்லை, ஆகவே முதலில் சொன்னதே நிற்கும். கிரிக்கெட்டில் அந்த எல்லையை அளவாக எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே 'தெளிவு' எது என்பதையும் ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். அதனால் மைதானத்தில் முதலில் என்ன சொன்னார்கள் என்பது பாதி வழக்கை முடித்துவிடும்.

2012 செப்டம்பர் 24, சியாட்டிலில் நடந்ததைப் பாருங்கள். லீக் தன் நடுவர்களோடு சம்பளத் தகராறில் இருந்ததால் மாற்று நடுவர்கள் வேலை பார்த்த காலம். கடைசி நொடியில் எண்ட் ஸோனுக்குள் (கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதி) வீசிய பந்தின் மேல் சியாட்டிலின் கோல்டன் டேட்டும் கிரீன் பே வீரர் ஜென்னிங்ஸும் கை போட்டுக்கொண்டு விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தினார், மற்றவர் கையை வீசிக் கடிகாரத்தை நிறுத்தினார். ஒரே படத்தில் இரண்டு தீர்ப்பு! டச்டவுன் என்று அறிவித்தாயிற்று, ரீப்ளேயில் மாற்றவில்லை, சியாட்டில் 14-12. பந்து வருமுன் டேட் ஒருவரை முதுகில் தள்ளியதற்கு ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று மறுநாள் லீகே ஒப்புக்கொண்டது. ஆனால் அது ரீப்ளேயில் பார்க்கக்கூடிய விஷயமே அல்ல. இரண்டே நாளில் தகராறு தீர்ந்து பழைய நடுவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

கேள்வி: விசில் ஊதிவிட்டால் ரீப்ளேயும் கைவிட்டுவிடுமா?

பதில்: 2008-ல் விட்டது. டென்வரின் ஜே கட்லர் கையிலிருந்து பந்து நழுவியது; அதைப் பாஸ் என்று நினைத்து நடுவர் எட் ஹோகுலி விசில் ஊதிவிட்டார். நழுவல் என்று ரீப்ளே காட்டியும், விழுந்து பிடித்த சான் டியாகோவுக்குப் பந்தைக் கொடுக்க விதியில் இடமில்லை. டென்வர் 39-38. மறு ஆண்டே விதி மாறியது. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் நடுவர்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பது இதனால்தான்.

கேள்வி: பந்துக்குள் சிப் இருக்கிறதாமே. பிறகு ஏன் முதல் டவுனுக்கு (10 யார்டு தாண்டிப் புது வாய்ப்புகள் பெறுவதற்கு) இவ்வளவு சண்டை?

பதில்: பந்து எங்கே இருந்தது என்று சிப் சொல்லும், அதுவும் அங்குலக் கணக்குக்குப் போதாது. முழங்கால் எந்த நொடியில் தரையைத் தொட்டது என்று அதற்குத் தெரியாது. 2025 சீசனில் தூரம் அளக்கும் சங்கிலியை இழுத்துக்கொண்டு வருவதற்குப் பதில் ஹாக்-ஐ கேமராக்கள் அளக்க ஆரம்பித்தன. பலர் தப்பாகப் புரிந்துகொண்டது இங்கேதான்: பந்தை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது இன்னும் மனிதக் கண்தான், வைத்த பிறகு கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் ஹாக்-ஐ சொல்கிறது. 2025 ஜனவரி 26 ஆட்டத்தில் பஃபலோவின் ஜோஷ் ஆலன் ஆட்கள் குவியலுக்குள் புகுந்தபோது, இரண்டு பக்கத்து நடுவர்களும் இரண்டு வேறு இடத்தைக் காட்டியபடி ஓடி வந்தார்கள். எட்டவில்லை என்று தீர்ப்பு, ரீப்ளேயிலும் அதுவே நின்றது, கான்சஸ் சிட்டி 32-29. அந்தக் குவியலுக்குள் எந்தக் கேமராவுக்கும் பந்து தெரியவில்லை.

கேள்வி: 2023 சூப்பர் பவுலில் பிலடெல்ஃபியாவின் பிராட்பெரி மேல் கொடுத்த ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுக்கும் குற்றம்) அநியாயம்தானே?

பதில்: சட்டையை இழுத்தேன் என்று ஆட்டம் முடிந்ததும் அவரே சொல்லிவிட்டார். அவருக்கே இல்லாத வருத்தம் நமக்கு எதற்கு?

கேள்வி: நியூ ஆர்லியன்ஸ் ரசிகை நான். 2019 ஜனவரி 20 பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

பதில்: ஒரு வரி போதாதம்மா. ஸ்கோர் 20-20, மிச்சம் 1 நிமிடம் 49 நொடி. பந்து வந்து சேரும் முன்பே ராம்ஸ் வீரர் ரோபி-கோல்மன், உங்கள் அணியின் டாமிலீ லூயிஸை இடித்துத் தூக்கிப் போட்டார். ஃபவுல் என்று காட்டும் மஞ்சள் கொடி விழவில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்து சூப்பர் பவுலுக்குப் போனது. அது 'எவ்வளவு' என்று யோசிக்கக்கூட வேண்டியிராத அபூர்வமான தப்பு.

ஆனால் அந்த ஆத்திரத்தில் எடுத்த முடிவு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் (பந்து வருமுன் எதிராளியை இடித்துத் தடுப்பது) ரீப்ளேயில் பார்க்கலாம் என்று 31-1 என்ற வாக்கில் கொண்டுவந்தார்கள். மெதுவாக ஓட்டினால் தோளில் கை வைத்தது கூடக் குற்றம் மாதிரித் தெரியும். ஆகவே நியூயார்க் மையம் கையைக் கட்டிக்கொண்டது. பச்சையாகத் தெரிந்தவற்றைக்கூட மாற்ற மறுத்தது. எது மாறும், எது மாறாது என்று எந்தப் பயிற்சியாளராலும் கணிக்க முடியவில்லை. ஒரே சீசனில் விதியை மூட்டை கட்டினார்கள்.

கேள்வி: அப்படியானால் அதே மாதிரி இன்றைக்கு நடந்தால்?

பதில்: 2025 சீசன் விதிப்படி, தப்பாக எறிந்த சில வகை மஞ்சள் கொடிகளை மேலிருந்து பார்த்துத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். எறியாத கொடியை எறியச் சொல்ல முடியாது. ராம்ஸ்தான் போகும்.