மூளைச் செல்களின் தொடர்பில் கால்சியம் கால்வாய்களுக்கு என்ன வேலை?

நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்திருந்து, திறக்கும்போது கால்சியம் அயனிகளை உள்ளே விடும் நுண்ணிய புரத வாயில்களையே கால்சியம் கால்வாய்கள் என்கிறோம். ஒரு செல்லின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருப்பதால், செல்லின் வழியே செய்தியைக் கொண்டுவரும் மின்துடிப்பு பெரும்பாலும் அதைத் தாண்டுவதில்லை (நேரடியாக மின்சாரத்தைக் கடத்தும் சந்திப்புகளும் உண்டு). செய்தி வேதிப்பொருளாக மாறித்தான் கடக்க வேண்டும்.

துடிப்பு முனையை எட்டியதும், மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து இந்த வாயில்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே உள்ளதைவிட உள்ளே கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு என்பதால், அயனிகள் தாமாகவே உள்ளே பாய்கின்றன. அவை ஓர் உணர்புரதத்தோடு பிணைந்தவுடன், வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன. இத்தனையும் ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில் முடிவதுதான் வியப்பு. சுற்றுத் திரவத்திலிருந்து கால்சியத்தை நீக்கிவிட்டால், துடிப்பு வந்தும் வேதிப்பொருள் வெளியேறுவதில்லை என்பதை 1960-களில் நரம்பியல் ஆய்வாளர்களான பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் காட்டினர்.

கையை நீட்டினால் தானே திறக்கும் தண்ணீர்க் குழாயை இதற்கு ஒப்பிடலாம்: கை நீரைத் தள்ளுவதில்லை, அடைப்பைத் திறக்கச் செய்கிறது, அழுத்தத்தில் காத்திருந்த நீர் பாய்கிறது.

கால்சியம் மாத்திரையை மிகுதியாக உட்கொண்டால் மூளை வேகமாக இயங்கும் என்று பலர் எண்ணுவது தவறு. ஆரோக்கியமான உடலில் இரத்தக் கால்சியத்தின் அளவை ஹார்மோன்கள் குறுகிய வரம்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன.