கையில் கொடுத்த பணமும் கையெழுத்தில்லாத சீட்டும்

கேள்வி: புது வீட்டுக்கு அலமாரி, கட்டில், சமையலறை மரவேலை எல்லாம் சேர்த்து 4,00,000 ரூபாய்க்கு ஒரு மரச்சாமான் கடையில் பேசி முடித்தேன். கார்டை நீட்டியபோது மெஷின் இல்லை என்றார்கள். யுபிஐயும் கிடையாதாம், ரொக்கம் மட்டும்தானாம். பில் போட்டால் ஜிஎஸ்டி தனி, வேண்டாமென்றால் இந்த விலை என்றதால், பில் வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். விடுப்பு எடுத்து ஏடிஎம் ஏடிஎம்மாக அலைந்து, 2025 அக்டோபரில் நான்கு தவணைகளாக 3,40,000 கொடுத்தேன். அதில் 2,60,000 என் கணக்கிலிருந்து எடுத்தது, 80,000 மைத்துனரிடம் ரொக்கமாக வாங்கிய கைமாற்று. ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட சீட்டில் தேதியும் தொகையும் எழுதித் தந்தார்கள். கையெழுத்தோ முத்திரையோ இல்லை. மாதங்கள் போயும் ஒரு பலகைகூட வரவில்லை. கேட்டால், ஒரு லட்சம்தான் வந்தது என்று சாதிக்கிறார் உரிமையாளர். பிறகு ஒருவரை அனுப்பி, இரண்டு லட்சத்தை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். கார்டு வாங்க மறுத்ததற்கு வழக்குப் போட முடியுமா? இவ்வளவு ரொக்கம் வாங்கியதை வருமான வரித் துறைக்கு எழுதினால் பணம் வருமா? டிசம்பரில் அவர், ‘மீதி அறுபது வந்ததும் லோடு ஏற்றிவிடலாம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் என்னிடம் இருக்கிறது.

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அதைப் போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் கார்டு விஷயம். அதை மறந்துவிடுங்கள். 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி நோட்டுதான் சட்டப்படி செல்லும் பணம். அதை மட்டுமே வாங்குவேன் என்று ஒரு கடைக்காரர் சொல்வது குற்றமல்ல. மின்னணு முறையில் பணம் ஏற்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்யு பிரிவு கட்டாயப்படுத்துவது, ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டிய தொழில்களை மட்டும்தான். அதுவும் ரூபே டெபிட் கார்டு, யுபிஐ ஆகியவற்றுக்குத்தான். கட்டணம் பிடிப்பார்கள் என்ற காரணமும் யுபிஐக்கு எடுபடாது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆக, அவர் ரொக்கம் கேட்டது கணக்கில் வராமல் இருப்பதற்காக. பில் வேண்டாம் என்று நீங்கள் தலையாட்டியபோது அது உங்களுக்கும் தெரிந்திருந்தது. விடுப்பு எடுத்தது, வெயிலில் நின்றது, கடைப் பையன் மரியாதையில்லாமல் பேசியது இவற்றுக்கெல்லாம் எந்த மன்றமும் காது கொடுக்காது.

கேள்வி ஒன்றுதான்: 3,40,000 ரூபாயை அவர் வாங்கினார் என்று உங்களால் காட்ட முடியுமா?

கையெழுத்தில்லாத சீட்டை, இது யார் எழுதியதோ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். வங்கிக் கணக்கு விவரம் நீங்கள் பணம் எடுத்ததைக் காட்டுமே தவிர, அவரிடம் கொடுத்ததைக் காட்டாது. இந்த இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டவர்கள் குறுக்கு விசாரணையில் திணறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களைக் காப்பாற்றுவது அந்த வாட்ஸ்அப் வரி. பேசிய மொத்தம் 4,00,000. மீதி அறுபது, அதாவது அறுபதாயிரம், என்று அவரே எழுதிவிட்டார். வந்தது எவ்வளவு என்பது கழித்தல் கணக்கு. இது அவர் வாயால் வந்த ஒப்புதல். மொத்த விலை 4,00,000 என்பதைக் காட்டும் செய்தி அதே உரையாடலில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். அது இல்லாவிட்டால், அறுபது என்பது வேறொரு கணக்கு என்று அவர் நழுவிவிடுவார். இருந்துவிட்டால் எஸ்டிமேட் சீட்டுக்கும் வங்கி விவரத்துக்கும் அப்போதுதான் உயிர் வரும். நான்கு தவணைத் தேதிகளும் பணம் எடுத்த தேதிகளும் அடுத்தடுத்து ஒத்துப்போவதை மன்றம் கவனிக்கும்.

அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு இரண்டு பகுதிகளாகச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதி உங்களுடையது, மற்றது நிபுணருடையது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி குறைவு என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு ‘போலி’ என்று ஒரு வார்த்தை சொன்னால், மூலக் கைப்பேசி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்துவிடும். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். நடுவில் நீங்கள் திட்டி அனுப்பிய செய்திகளும் அதோடு சேர்ந்து வரும். அவற்றை அழிக்காதீர்கள். ஓட்டை விழுந்த உரையாடலை நம்ப மாட்டார்கள்.

இனி, நீங்கள் ஆயுதமாக நினைக்கும் வருமான வரிக்கு வருவோம். இதில்தான் நல்ல வழக்கோடு வந்தவர்கள்கூட வழுக்கி விழுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்காக, அல்லது ஒரே நிகழ்வை ஒட்டி, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. தவணை தவணையாக வாங்கினாலும் பரிவர்த்தனை ஒன்றுதான். மீறினால் 271டிஏ பிரிவின்படி வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம், வாங்கியவருக்கு. நீங்கள் பணம் கொடுத்தது 2025 அக்டோபரில் என்பதால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம். எண்கள் மாறுகின்றன, விதி மாறவில்லை.

இப்போது அவர் இடத்திலிருந்து பாருங்கள். 3,40,000 வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டால், உங்களுக்கும் திருப்பித் தர வேண்டும், அதே அளவு தண்டத்துக்கும் கழுத்தை நீட்ட வேண்டும். அவர் ஒரு லட்சம் என்று சாதிப்பதற்கு இது போதுமான காரணம். வரித் துறைக்கு நீங்கள் மனு எழுதினால் அந்தத் தண்டம் அரசுக்குப் போகும், உங்களுக்கு ஒரு பைசா வராது. அதற்குப் பிறகு அவர் எந்தக் காலத்திலும் உண்மையைச் சொல்ல மாட்டார். சமரசத்தின் கதவை உங்கள் கையாலேயே சாத்திவிடுவீர்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போடலாமே என்று நினைப்பீர்கள். 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு நிலத்துக்கு 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் கொடுத்தோம் என்று சொல்லி வந்தவர்களின் வழக்கு அது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு வழக்கை நிராகரித்ததோடு நிற்கவில்லை. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக எந்த வழக்கு வந்தாலும், நீதிமன்றம் அதை அந்தப் பகுதி வருமான வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் மனு எழுதாவிட்டாலும், வழக்குரையில் நீங்கள் எழுதும் தொகையே துறைக்குப் போய்விடும். துறை வந்தால் கடைக்காரரை மட்டும் கேட்டுவிட்டுப் போகாது. கொடுத்தவரிடம் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கும். 2,60,000க்கு உங்களிடம் வங்கி விவரம் இருக்கிறது, கவலையில்லை. நீங்கள் சலித்துக்கொண்ட அந்த ஏடிஎம் அலைச்சல்தான் இங்கே உங்களுக்குத் துணை.

சிக்கல் அந்த 80,000. கடனாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 269எஸ்எஸ். இங்கும் தண்டம் வாங்கியவருக்கே, வாங்கிய தொகை அளவுக்கே. இந்த வழக்கில் வாங்கியவர் நீங்கள். உறவினர் என்ற விலக்கு அந்தப் பிரிவில் இல்லை. நியாயமான காரணம் இருந்தால் தண்டத்திலிருந்து விடுபட 273பி பிரிவில் இடமுண்டு. குடும்பத்துக்குள் அவசரத்துக்கு வாங்கியது என்று விளக்கலாம். ஆனால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுகிறீர்கள். பணம் கேட்டுப் போட்ட வழக்கில், கேட்காமலே தம் கைமாற்றுக் கதையைப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, பிறகு தமக்கு வந்த அறிவிப்போடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். கேட்காததை வழக்குரையில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். மைத்துனருக்கான பாக்கியை வங்கி வழியாக மட்டும் திருப்புங்கள். ரொக்கத்தில் கொடுத்தால் அது இன்னொரு மீறல். ரொக்கக் கடன் சட்டப்படி செல்லாது, தர வேண்டாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். தண்டம் வேறு, கடன் வேறு என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதோடு, சமயத்துக்கு உதவியவரிடம் அப்படிப் பேசவும் கூடாது.

அடுத்தது, இரண்டு லட்சம் ரொக்கமாகத் திரும்பி வரும் என்ற அந்தப் பேச்சு. தொகை குறைவு என்று மறுத்தீர்கள். மறுத்தது சரி, காரணம் வேறு. 269எஸ்டி கடைக்காரருக்கு மட்டும் எழுதிய விதியல்ல, ‘எந்த நபரும்’ என்பதுதான் அதன் சொல். அந்த இரண்டு லட்சத்தை வாங்கியிருந்தால், ரொக்கம் வாங்கியவர் என்ற இடத்தில் நீங்கள் நின்றிருப்பீர்கள். இரண்டு லட்சத்தைத் தாண்டினால்தான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக இரண்டு லட்சமும் தடைக்குள்தான். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அங்கே மேசைமேல் கட்டுக்கட்டாக எண்ணி வாங்கிவரும் ‘சமரச’த்துக்கும் இதுவே பதில். மோசடி என்று புகார் கொடுத்தாலும், இது பணத் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

‘பணம் தராவிட்டால் வருமான வரித் துறைக்குப் போவேன்’ என்று அவருக்குச் செய்தி எழுதிவைத்து, அனுப்பலாமா என்று கடிதத்தின் நடுவே கேட்டிருந்தீர்கள். அனுப்பாதீர்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. புகாரைக் காட்டிப் பணம் கேட்பது வேறு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில், மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று அவர் உங்கள்மேல் புகார் கொடுப்பார். உங்களுக்கு வர வேண்டிய பணத்தைத்தான் கேட்டீர்கள் என்று கடைசியில் நிரூபித்துவிடலாம். அதுவரை முன்ஜாமீனுக்கும் அலைச்சலுக்கும் ஆகும் செலவு யாருடையது? நான் அனுப்பும் வக்கீல் நோட்டீஸில்கூட வரி என்ற சொல் வராது.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தொகையை மாற்றாதீர்கள். காவல் நிலைய மனுவில் நான்கு லட்சம், நோட்டீஸில் மன உளைச்சலையும் சேர்த்து ஐந்து லட்சம், வாக்குமூலத்தில் 3,40,000 என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியவருக்கு, ரசீது இல்லாத வழக்கில் கதி இல்லை. கொடுத்தது 3,40,000. இழப்பீடு தனி. எல்லாக் காகிதத்திலும் இப்படியே இருக்கட்டும்.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில் இல்லாததால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது. விலை கொடுத்திருந்தாலோ, தருவதாகச் சொல்லியிருந்தாலோ போதும். பில் தராததே முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. ‘இவர்தான் பில் வேண்டாம் என்றார்’ என்று அவர் சொல்வார். மறுக்காதீர்கள். பில் கொடுக்கும் கடமை விற்பவருடையது, வாங்குபவர் வேண்டாம் என்றதால் அது தீர்ந்துவிடாது. ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு.

ஆனால் ஆணையத்துக்குப் போகுமுன் சமரசத்தை முயன்று பாருங்கள். இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். உங்கள் வழக்கு முழுவதும் ஒரு வாட்ஸ்அப் வரியின்மேல் நிற்கிறது. அவரும் பயந்துதான் இருக்கிறார், இல்லாவிட்டால் ஆள் அனுப்பியிருக்க மாட்டார். ஒரு லட்சம்தான் வாங்கினேன் என்பவர் இரண்டு லட்சம் தர முன்வருகிறார் என்றால் என்ன பொருள் என்று அவருடைய வக்கீலுக்கும் தெரியும். 2,75,000 வரை கேட்டு நில்லுங்கள். 2,50,000க்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுக்கும் தொகை வலிக்கும், தெரியும். மேல்முறையீடு வரை போனால் அதைவிட அதிகமான தொகையும் சில ஆண்டுகளும் போகும். 2,50,000க்குக் கீழே என்றால் மட்டும் புகாரைத் தாக்கல் செய்யுங்கள்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் மூலம் ஒரே தவணையில் வர வேண்டும். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம். அது திரும்பினால் இன்னொரு வழக்குத்தான் மிஞ்சும். ஒப்பந்தத்தில், மரவேலைக்காகப் பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுதட்டும். வெறுமனே ‘கடன்’ என்றோ ‘உதவி’ என்றோ எழுத விடாதீர்கள். ‘எல்லாப் பாக்கியும் தீர்ந்தது’ என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து விழுவது, பணம் கணக்கில் ஏறியதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான்.