ஸ்டுடியோவில் கிராக் மென்பொருள், பென் டிரைவில் பாட்டு: எதை முதலில் நிறுத்துவது?

கேள்வி: சிறு நகரம் ஒன்றில் போட்டோ ஸ்டுடியோவும் டி.டி.பி. கடையும் சேர்த்து நடத்துகிறேன். ஆல்பம் வேலைக்கு ஒரு கணினியில் பழைய போட்டோஷாப் 7.0, இன்னொன்றில் இணையத்திலிருந்து இறக்கிய புதிய போட்டோஷாப். இரண்டுக்கும் பணம் கட்டவில்லை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலைக்குப் பேஜ்மேக்கர். தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் நண்பர்கள் கொடுத்தவை. கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு சேர்க்கிறோம். கேட்பவர்களுக்குப் பென் டிரைவில் பாட்டும் படமும் ஏற்றித் தருவதும் உண்டு. கல்லூரியில் படிக்கும் மகள், “இதெல்லாம் திருட்டுதானே அப்பா?” என்கிறாள். எல்லோரும் செய்வதுதானே என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது ஒட்டவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட என்னால் முடியாது. எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஐந்தாறு வெவ்வேறு காரியங்கள் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. எல்லாவற்றின் கனமும் ஒன்றல்ல. ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நான் பணம் கொடுக்காததால் உண்மையில் இழப்பவர் யார்? அந்த இழப்பை வைத்து நான் சம்பாதிக்கிறேனா? இப்படிக் கேட்டால் வரிசை தானாக வந்துவிடும். அந்த வரிசை நீங்கள் எதிர்பார்ப்பதாக இருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பென் டிரைவ் வியாபாரத்தை இன்றே நிறுத்துங்கள். இதற்குத் தவணை கிடையாது. மற்றவற்றில் நீங்கள் அடுத்தவர் கருவியை வைத்து உங்கள் உழைப்பை விற்கிறீர்கள். இதில் அடுத்தவர் உழைப்பையே விற்கிறீர்கள். “பாட்டு எழுதியவருக்கு அன்றைக்கே சம்பளம் கொடுத்தாகிவிட்டதே” என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்த வாதம் நிற்காது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, பாட்டு வேறு எந்த வழியில் பயன்பட்டாலும் அந்த ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் அவர்களால் முடியாது.

சட்டத்தின் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு ஏற்றித் தருவதால் அந்தச் சலுகையைக் கேட்க இடமில்லை. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் 2004 முதல் ‘வீடியோ பைரேட்’, அதாவது படத்தைத் திருட்டு நகலெடுப்பவர், குண்டர் சட்டத்தின் கீழ் வருகிறார். திரைப்படமும் அதன் பாடல்களும் அதில் அடங்கும். விசாரணை இல்லாமலே பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம். பாட்டுப் பதிந்து கொடுத்தவரைத் தடுப்புக் காவலில் வைப்பது அளவுக்கு மீறிய கொடுமை என்பது என் கருத்து. இருந்தாலும் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

அடுத்து அந்தப் புதிய போட்டோஷாப். “அடோபி எவ்வளவு பெரிய நிறுவனம், என் ஒருவனால் அதற்கு என்ன நட்டம்” என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அடோபிக்குப் பெரிய நட்டம் இல்லைதான். நட்டப்படுபவர், உங்கள் ஊரிலேயே மாதச் சந்தா கட்டி வேலை செய்யும் இன்னொரு ஸ்டுடியோக்காரர். அவர் அந்தச் செலவையும் சேர்த்து விலை சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அதைவிடக் குறைத்துச் சொல்லி வேலையை எடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டாவது நட்டம் இலவச மென்பொருள்களுக்கு. காசு கொடுக்க வேண்டிய மென்பொருளே காசில்லாமல் கிடைக்கும் ஊரில், படம் திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பை யார் கற்றுக்கொள்வார்கள்? கற்பவர் இல்லாததால் தமிழில் கற்பிப்பவரும் குறைவு. கடைசியில் வேலைக்கு ஆள் தேடும்போது எல்லோருக்கும் போட்டோஷாப் மட்டுமே தெரிந்திருக்கிறது. திருட்டு நகல் பரவப் பரவப் பெரிய நிறுவனத்தின் பிடி இறுகுகிறதே தவிரத் தளர்வதில்லை.

நகல் மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 63பி என்று தனிப்பிரிவு இருக்கிறது. குறைந்தது ஏழு நாள் சிறை என்று தொடங்குகிறது. தொழிலுக்குப் பயன்படுத்தாதவரை, சிறை இல்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் மாணவனையும், கடை போட்டுச் சம்பாதிப்பவரையும் சட்டமே வேறு வேறாகத்தான் பார்க்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக்கை ஓட்டும்போது ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று அதுவே சொல்லும். வீட்டுக்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போ என்று திருடனே வந்து சொல்வதைப் போன்றது இது. ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் 2018 முதல் உலகம் முழுவதும் பெரும்பாலும் கிராக், கீஜென் (போலி உரிம எண் தரும் நிரல்) வழியாகத்தான் பரவியது. வன்தட்டில் இருக்கும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். உங்கள் வன்தட்டில் இருப்பவை அடுத்தவர் வீட்டுத் தாலிகட்டுப் படங்கள். அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கும்?

ஆல்பம் வேலையில், பி.எஸ்.டி. (போட்டோஷாப் கோப்பு) டெம்ப்ளேட் வைத்து வேகமாகப் பக்கம் போடுவதில், போட்டோஷாப்பை உடனே மாற்றுவது சிரமம் என்று எனக்குத் தெரியும். (அந்த டெம்ப்ளேட் டிவிடிகளும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வடிவமைப்பை நகலெடுத்தவைதான், அது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை.) எனவே ஒரே ஒரு சந்தா எடுங்கள். ஒரு கணக்கை இரண்டு கணினிகளில் பதிந்து வைத்து ஒரு நேரத்தில் ஒன்றில் பயன்படுத்தலாம். மாதாமாதம் நிறுத்தக்கூடிய திட்டம் எடுத்தால் ஆடியிலும் மார்கழியிலும் கட்ட வேண்டியதில்லை. முகூர்த்த மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். மாதச் செலவு சற்றுக் கூடுதலாகத் தெரியும். ‘ஆண்டுத் திட்டம், மாதாமாதம் பணம்’ என்பது மலிவாகத் தெரிந்தாலும் நடுவில் விட்டால் அபராதக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைச் சரியாக வெளியே சொல்லவில்லை என்று அமெரிக்க அரசு 2024இல் அடோபிமேல் வழக்கே தொடுத்தது. அந்த இரண்டு திட்டங்களின் விதிகளையும் நன்றாகப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

இரண்டாவது கணினிக்கு இலவச மென்பொருளே போதும். பி.எஸ்.டி. கோப்பைத் திறந்து சின்னத் திருத்தம் செய்ய உலாவியிலேயே ஓடும் போட்டோபீ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், வண்ணத் திருத்தம் ஆகியவற்றுக்கு ஜிம்ப் தாராளம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு முன்பைவிடக் கையாள எளிது. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடியோவுக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்துருக்கள். என்னைக் கேட்டால் பென் டிரைவுக்கு அடுத்தபடியாக உங்கள் பட்டியலில் மிகப் பெரிய தவறு இதுதான். போட்டோஷாப் இதற்குப் பின்னால்தான் வரும். ஏனென்றால் இங்கே இழப்பவர் கண்ணுக்கெட்டாத பன்னாட்டு நிறுவனம் இல்லை. ஓர் எழுத்துருவுக்காக மாதக்கணக்கில் ‘ழ’வின் வளைவையும் ‘கூ’வின் வாலையும் இழைத்துக்கொண்டிருந்த ஒருவர். அவருக்கு வாய்த்த சந்தையே டி.டி.பி. கடைகளும் அச்சகங்களும் பத்திரிகைகளும்தான். ஊருக்கு ஒரு கடை குறுவட்டு வாங்கி, மற்ற கடைகள் அதை நகலெடுத்துக்கொண்டால் அந்தச் சந்தை ஒரே நாளில் முடிந்துபோகிறது. ஊர் ஊராகக் கல்யாணப் பத்திரிகைகள் அதே நாலைந்து எழுத்துகளில் வந்துகொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதிதாக வரைவதற்குக் கூலி கிடைக்காத தொழிலில் புதியவர்கள் எப்படி வருவார்கள்?

சரிசெய்வதும் இங்கேதான் எளிது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், கவிவனார், பாலூ தம்பி, நோட்டோ குடும்பம் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பத்திரிகை, பேனர், பெயர்ப்பலகை என்று எந்த வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலவச எழுத்துருக்களை வெளியிட்டிருக்கிறது. இவற்றில் கிடைக்காத அலங்கார எழுத்து ஒன்று வேண்டுமென்றால், அதை உருவாக்கியவரிடமே உரிமம் வாங்குங்கள். இந்த மொத்தக் கணக்கில் உங்கள் பணம் நேராகப் போய்ச் சேர வேண்டியவரைச் சேரும் இடம் இது ஒன்றுதான்.

பேஜ்மேக்கரும் போட்டோஷாப் 7.0வும் வேறு ரகம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, போட்டோஷாப் 7.0 அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டையும் இன்று காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் அடோபி விற்பதில்லை. விற்பனையை நிறுத்தியதால் உரிமை போய்விடுவதில்லை. பதிப்புரிமை பல பத்தாண்டுகள் நீடிக்கும். ஆகவே இது சட்டப்படி சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விற்காத பொருளை வாங்காததால் யாருக்கும் வருமானம் குறையவில்லை. வரிசையில் இதைக் கடைசியில் வையுங்கள்.

விட வேண்டிய காரணம் வேறு. இன்று கணினியும் கைபேசியும் எல்லா மொழி எழுத்துக்கும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடு, பேஜ்மேக்கருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழை அப்படியே ஒட்ட முடியாமல் திரும்பத் தட்டச்சுச் செய்கிறீர்கள் அல்லது எழுத்துரு மாற்றும் நிரலில் போட்டு எடுக்கிறீர்கள். அதில் நுழையும் பிழைகளுக்கு நீங்கள்தான் திட்டு வாங்குகிறீர்கள். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், பத்திரிகை அட்டைக்கு இங்க்ஸ்கேப் என்று பழகத் தொடங்குங்கள். ஆப்செட் அச்சகம் கேட்கும் நான்கு வண்ண பி.டி.எஃப். ஸ்கிரைபஸில் எடுக்கலாம். பழைய கோப்புகளை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளால் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். ஆடி மாதம் இதற்கு நல்ல மாதம்.

வீடியோவில் பாட்டு சேர்ப்பதுதான் மிச்சம். பலர் இதில் குழம்புகிறார்கள். கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிக்கச் செய்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த விலக்கு, மண்டபத்தில் பாட்டுப் போடுவதற்கு. அதே பாட்டை எடுத்துப் படத்தோடு கோத்து, கூலி வாங்கிக்கொண்டு ஒரு வீடியோவாக நீங்கள் விற்பது வேறு. அதை யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார், அல்லது வீடியோவையே முடக்குவார். அவர் முறைப்படி நீக்கச் சொல்லி, அப்படி மூன்று புகார்கள் 90 நாளுக்குள் சேர்ந்தால் உங்கள் ஸ்டுடியோவின் சேனலே போய்விடும்.

இங்கே ஒரு நல்ல மாற்று உங்கள் கண்ணெதிரிலேயே இருக்கிறது. முகூர்த்தத்தன்று நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கிறார்களே, அதைத் தனி மைக் வைத்துச் சுத்தமாகப் பதியுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை. ஆனால் வாசிப்பவருக்குத் தம் வாசிப்பின்மேல் உரிமை உண்டு. முன்கூட்டியே கேட்டு, ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்கி, அதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். அவர்கள் சினிமாப் பாட்டு வாசிக்கும் பகுதியை மட்டும் வீடியோவில் சேர்க்காதீர்கள். மணமகன் வீட்டார் குறிப்பிட்ட சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பாட்டில்லாத பதிப்பைக் கொடுத்து, வியாபார வேலைக்கும் அனுமதிக்கும் இலவச உரிமத்தில் கிடைக்கும் இசையோடு இன்னொரு பதிப்பையும் கொடுங்கள். இதை முன்பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது.