ஸ்டெம் செல் மாற்று: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகளுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்று, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை இன்னொருவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சிறுவர் வார்டில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

செங்காங் வாசகி: அக்கா, தங்கச்சி குழந்தைக்குப் பிறந்ததும் குதிகாலில் எடுத்த ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவோ என்று சந்தேகமாம், திரும்பக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள்.

நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள் அம்மா. எல்லாச் சந்தேகமும் நோயாக முடிவதில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு. ஆனால் கிருமிகளை எதிர்க்கும் டி அணுக்களே இல்லாத 'ஸ்கிட்' (SCID) என்ற பிறவி நோயாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் முக்கியம். மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த பிள்ளைகளில் 100க்கு 90க்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். தொற்று வந்தபின் செய்தால் அந்த எண் இறங்கிவிடும். முடிவு தெரியும்வரை, உயிருள்ள கிருமியால் செய்த ரோட்டா வயிற்றுப்போக்குத் தடுப்புச் சொட்டு மருந்து வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவார்கள், அதிலும் உயிருள்ள கிருமி உண்டு. போட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், இந்த நோயில் அந்தக் கிருமியே உடம்பில் பரவலாம். தாய்ப்பாலைத் தொடரலாமா என்றும் கேளுங்கள்.

யீஷூன் வாசகர்: நோயுள்ள பிள்ளையின் அண்ணனுக்கும் அதே ரத்த வகை. அவனே ஸ்டெம் செல் கொடுக்கலாமா?

ரத்த வகை வேறு, எச்.எல்.ஏ. (அணுக்களின் மேலுள்ள அடையாளக் குறிகள்) பொருத்தம் வேறு. கூடப்பிறந்தவருக்கு முழுப் பொருத்தம் அமைய 4இல் 1 வாய்ப்பு. 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் ராபர்ட் குட் குழுவினர் 5 மாதப் பையனைக் காப்பாற்றியது அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜையால்தான், ஸ்டெம் செல்கள் அதில்தான் இருக்கின்றன. பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தமுள்ள அப்பா அம்மாவிடமிருந்தும் இப்போது எடுக்கிறார்கள்.

இன்னொரு வாசகர்: பிள்ளையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்திருக்கிறோம். அது உதவுமா?

அதிலும் அதே மரபணுக் கோளாறு இருக்கும், உதவாது.

மற்றொரு வாசகர்: ஆபரேஷன் எவ்வளவு நேரம்?

ஆபரேஷனே இல்லை. கொடையாளரின் ஸ்டெம் செல்கள் சிறு பையிலிருந்து பிள்ளையின் மார்பிலுள்ள குழாய் வழியாகச் சிவப்பாக இறங்கும், ரத்தம் ஏற்றுவது போலத்தான். கஷ்டமெல்லாம் அதன்பின் வரும் வாரங்களில். ஒரு தாத்தா சிராங்கூன் சாலைக் கோயில் விபூதியோடு வந்தார். தொற்று பயத்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றதும், கண்ணாடிக்கு வெளியே, பேரனின் நெற்றிக்கு நேராக விரலால் பூசிவிட்டு நின்றார்.

ஜூரோங் வாசகர்: கொடை என்றால் முதுகுத் தண்டில் குத்துவார்களாமே?

இல்லவே இல்லை. பெரும்பாலும் கையிலிருந்துதான், சில நாள் ஊசி போட்டபின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுப்பார்கள். சில சமயம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். பொருத்தம் பெரும்பாலும் சொந்த இனத்தில்தான் கிடைக்கும், அதனால் நம்மவர்கள் கொடையாளர் பட்டியலில் பதிந்தே ஆகவேண்டும். கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் பதிவு முடிந்தது. அப்புறம் கூப்பிட்டு, கொடுக்கச் சம்மதித்தபின் பின்வாங்காதீர்கள்; அதற்குள் அங்கே பிள்ளையின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்திருக்கலாம்.