லோ வோல்டேஜால் பொருள்கள் கெடுமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் தெருவில் மாலை ஆறரை மணிக்கு மேல் விளக்குகள் மங்கிவிடுகின்றன. சோதித்துப் பார்த்த வயர்மேன் 170 வோல்ட்தான் வருகிறது என்றார். குறைவாக வருவதால் பொருள்களுக்கு ஆபத்தில்லை, மின்கட்டணமும் குறையும் என்கிறார் என் கணவர். ஆனால் பிரிட்ஜ் உறுமிவிட்டு ஓடாமல் நின்றுவிடுகிறது. எது சரி?
– பட்டுக்கோட்டை வாசகி

பதில்: உங்கள் கணவரைப் போலவே பலரும் நினைக்கிறார்கள், மோட்டார்களைப் பொறுத்தவரை அந்த நினைப்பு தவறானது, செலவும் வைக்கக்கூடியது.

நம் வீடுகளுக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். அது 170 ஆகும்போது எல்லாப் பொருள்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கீசர், இஸ்திரிப் பெட்டி போன்றவை மந்தமாகுமே தவிரக் கெடுவதில்லை. அவற்றின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 2,000 வாட் கீசர் 170 வோல்ட்டில் சுமார் 1,100 வாட் அளவுக்கே வேலை செய்யும். பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, 17 நிமிடத்துக்குப் பதிலாக அரை மணி நேரம் ஆகும். தண்ணீருக்குத் தேவையான வெப்பம் மாறாததால் இரண்டு நிலையிலும் செலவாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். கூடுதல் நேரத்தில் வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால் லோ வோல்டேஜில் ஒரு துளி அதிகமாகவே ஆகும். செல்போன் சார்ஜரும் பெரும்பாலான புதிய தொலைக்காட்சிகளும் மின்னழுத்தம் குறைந்தால் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துத் தம் தேவையை நிறைவு செய்துகொள்கின்றன. ஆகவே கட்டணம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சிக்கல் பிரிட்ஜிலும் தண்ணீர் மோட்டாரிலும்தான். ஸ்டெபிலைசரோ இன்வெர்ட்டர் அமைப்போ இல்லாத கம்ப்ரசருக்கு, 170 வோல்ட்டில் கிளம்பும்போது கிடைக்கும் முறுக்கு விசை வழக்கத்தில் ஏறக்குறையப் பாதிதான். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தை மீறிச் சுழல முடியாமல் அது நின்ற இடத்திலேயே நிற்க, காயிலில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான். ஓவர்லோடு பாதுகாப்பு சூடேறித் துண்டிக்கிறது, ஆறியதும் மீண்டும் இணைக்கிறது, மீண்டும் அதே கதை. ஒவ்வொரு முறையும் காயிலின் மேல் உள்ள காப்புப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகுகிறது. எனவே உறுமல் கேட்டதும் பிரிட்ஜை அணைத்துவிடுங்கள்; மின்னழுத்தம் சீரானபின், சில நிமிடங்கள் பொறுத்துப் போடுங்கள்.

ஸ்டெபிலைசர் உதவும், ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 170 வோல்ட்டை 230 ஆக உயர்த்துவதற்கு, கம்பியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கிறது. தெருவில் எல்லோரும் அதை வைத்தால் கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மின்னழுத்தம் இன்னும் இறங்கும். உண்மையான தீர்வு, தெருவுக்கான டிரான்ஸ்பார்மரின் திறனை உயர்த்துவதும் மூன்று ஃபேஸ்களிலும் லோடைச் சமமாகப் பிரிப்பதும்தான். அக்கம்பக்கத்தார் சேர்ந்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து வடிவில் மனுக் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: விளக்கு மங்குவது உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால், காரணம் தெருவில் இல்லாமல் உங்கள் ஃப்யூஸ் கேரியரிலோ மெயின் சுவிட்சிலோ தளர்ந்திருக்கும் இணைப்பாக இருக்கலாம். அந்த இடம் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் வயர்மேனை அன்றே அழையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு. ஒரு நாள் சில விளக்குகள் பளிச்சென்று எரிய, சில மங்கின. சற்று நேரத்தில் தொலைக்காட்சியும் மோடமும் புகைந்துவிட்டன. மின்னல் ஏதும் இல்லையே, காரணம் என்ன?
– காரைக்குடி வாசகர்

பதில்: ஒரே நேரத்தில் சில விளக்குகள் பளிச்சிட்டுச் சில மங்குவது, நியூட்ரல் கம்பி அறுந்ததற்கோ தளர்ந்ததற்கோ உரிய அடையாளம். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் ஏறக்குறைய 400 வோல்ட். நியூட்ரல் சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸிலும் உள்ள பொருள்களுக்கு 230 வோல்ட்தான் கிடைக்கும். அது போனபின் லோடு அதிகமுள்ள ஃபேஸில் மின்னழுத்தம் இறங்கி, லோடு குறைந்த ஃபேஸில் 300 வோல்ட்டையும் தாண்டி ஏறும். அந்தக் குறைந்த லோடாக இருந்தவை உங்கள் தொலைக்காட்சியும் மோடமும். இப்படி நடந்தால் பொருள்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்காமல் மெயினை உடனே இறக்குங்கள். ஒவ்வொன்றாக அணைத்தால் மிச்சமிருப்பவற்றின் மீது மின்னழுத்தம் மேலும் ஏறலாம். கூடவும் குறையவும் செய்யும் மின்னழுத்தத்தைக் கண்டு தானே துண்டிக்கும் கருவியை மெயின் பலகையில் பொருத்திக்கொள்வது, ஒரு தொலைக்காட்சியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவு.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு இங்கே வாங்கிய மிக்ஸியையும் கிரைண்டரையும் கொண்டுபோகலாமா? அங்கே 120 வோல்ட் என்பதால் ஷாக் அடித்தாலும் ஆபத்தில்லை என்கிறார்களே?
– கும்பகோணம் வாசகி

பதில்: நேரடியாகச் செருகினால் மிக்ஸி தளர்ந்து சுற்றும், சட்னிகூட அரைபடாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 750 வாட் மிக்ஸிக்கு அதைப் போல இரு மடங்கு திறனுள்ளதாக வாங்குவது நல்லது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் என்பதால் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் அலைவெண் (இங்கே 50) அதற்குப் பொருட்டில்லை. கிரைண்டர் மோட்டாரோ அலைவெண்ணைப் பின்பற்றுவது. டிரான்ஸ்பார்மர் அலைவெண்ணை மாற்றாது என்பதால் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவும் சூடேறும். 110 வோல்ட்டுக்கென்றே செய்த கிரைண்டர்கள் இங்கேயே கிடைக்கின்றன. அதை வாங்கிக் கொடுங்கள். அங்கிருந்து திரும்பும்போது 120 வோல்ட் பொருள் எதையும் இங்கே செருகிவிட வேண்டாம். சூடாக்கும் கருவியானால் அதன் திறன் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிக் கருகிவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட சார்ஜர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

ஷாக் பற்றிச் சொல்வது உண்மையல்ல. உடலுக்குள் பாயும் மின்னோட்டமே உயிரைப் பறிக்கிறது. ஈரக் கையோடு தொட்டால் 120 வோல்ட்டும் அதற்குப் போதும். அதனால்தான் அமெரிக்காவில் சமையலறைக்கும் குளியலறைக்கும் 5 மில்லி ஆம்பியர் அளவில் கசிந்தாலே துண்டிக்கும் பாதுகாப்பு கொண்ட பிளக் பாயிண்டுகளைப் பொருத்துகிறார்கள். நம் வீடுகளில் அந்த வேலையைச் செய்வது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உங்கள் மெயின் பலகையில் அது இருந்தால் மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால், மகளைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள்.