மரத்துக்குள் ஒளிந்திருக்கும் உளுத்தலை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்குமா?

பழைய உத்தரம் ஒன்று வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, உள்ளே உளுத்திருக்கிறதா என்று அறுக்காமலே அல்ட்ராசவுண்டால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மருத்துவ ஸ்கேன் போலப் படம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஓர் எண்தான்: ஒலி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர எடுத்துக்கொண்ட நேரம், மைக்ரோ வினாடிகளில்.

உலோகச் சோதனையில் மெகாஹெர்ட்ஸ் அலைகள் பயன்படும். மரம் அவற்றை விழுங்கிவிடும் என்பதால் இங்கே சுமார் 20 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரைதான். உத்தரத்தின் எதிரெதிர் முகங்களில் இரண்டு உணரிகளை அழுத்தி வைப்பார்கள். நல்ல மரத்தில் ஒலி இழைக்குக் குறுக்கே வினாடிக்கு ஏறக்குறைய 1000 முதல் 2000 மீட்டர் வேகத்தில் போகும். அதாவது 30 செ.மீ. தடிமனைக் கடக்க 150 முதல் 300 மைக்ரோ வினாடி. உள்ளே பொந்து இருந்தால் அலை அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். உளுத்திருந்தால் மெதுவாகத்தான் ஊர்ந்து வரும். இரண்டிலும் நேரம் கூடும்.

இழையோட்டத்தின் திசையில் அதே ஒலி 4000 மீட்டருக்கும் மேல் பாயும். அதனால் உணரிகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாலே எண் மாறிவிடும். ஈரம் கூடினாலும் வேகம் குறையும், கணு இருந்தால் இழை வளைந்து கணக்கு கலையும். ஆகவே புத்தக அட்டவணையோடு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே உத்தரத்தில் நன்றாக இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தை முதலில் அளந்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு நீளவாக்கில் நகர்ந்து போங்கள். எங்கே நேரம் திடீரென எகிறுகிறதோ அங்கேதான் சந்தேகம்.

ஒரே திசையில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். அலை போகும் வழிக்கு இணையாக ஓடும் விரிசல் கண்ணில் படவே படாது. செங்குத்தான திசையிலும் அளந்தால்தான் அகப்படும். அப்புறம், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளை விட்டுவிட வேண்டாம். ஈரம் தங்குவதும் பூஞ்சை பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். நேராக எட்டாது என்றால், வெளியே தெரியும் பகுதியிலிருந்து சுவரை ஒட்டிக் கோணலாகவாவது அளக்கலாம்.

சின்னக் குறைகளும், பூஞ்சையின் ஆரம்பக் கட்டமும் இதில் தப்பிவிடும். சந்தேகப்பட்ட இடத்தில் மெல்லிய ஊசித் துளைப்பான் கொண்டு துளைத்து, எதிர்ப்பு எங்கே குறைகிறது என்று பார்த்த பிறகே உத்தரத்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.